டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் அதிகம்

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. சசிரேகா குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி குந்தியிருந்தாள். சவத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு மூன்று குடம் வேண்டும் என்று வசுமதி பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் குடமே இன்னும் பாதி ஏறவில்லை. பின்னால் வரிசையாக நின்ற பெண்கள், செத்தவனின் தங்கச்சி காதில் விழாது என்று நினைத்தார்களோ, விழுந்தால் விழட்டும் என்று நினைத்தார்களோ, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

"பொம்பளப் புள்ள விசயமாத்தான் இருக்கும் லா. இல்லாட்டி அந்த மழையில அங்க எவன் நிப்பான்?"

"பேக்கிங்ல இருக்குதே, துளசி. அதுகூடத்தான் எப்பப் பாரு சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவான்."

"மெசேஜ் வரணும்னு நின்னானாமே. நல்லா வந்துச்சி மெசேஜு."

சசிரேகா திரும்பவில்லை. சேலை மடிப்பில் செருகியிருந்த போன் அவள் வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தூரமாக எங்காவது வைத்துவிடலாம் என்று காலையிலிருந்து நான்கு முறை நினைத்தாள். வைக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் துணிவு வரவில்லை.

செத்தவன் ரூபன். அவளுடைய ஒரே அண்ணன். முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினில் பன்னிரண்டு வருடமாக வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினாலாம் நம்பர் மலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கும்போது, கொட்டுகிற மழையில் வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து, அங்கேயே போய்விட்டான். திங்கட்கிழமை முழுக்க போலீசும் ஆஸ்பத்திரியும் தின்றுவிட்டன. இன்று செவ்வாய்க்கிழமை காலையில்தான் பெட்டியில் வீடு வந்து சேர்ந்தான். அறுத்துத் தைத்த உடம்பைக் குளிப்பாட்டக் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும் என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டார். தெளிப்பதற்கு மூன்று குடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமென்றால் வழக்கம்தான்.

குடங்கள் நிறைந்ததும் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வந்திருந்த உறுமி மேளக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, பெண்கள் தலையில் தண்ணீரோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார்கள். மேளக்காரர்கள் நான்கு பேர்தான், ஆனால் மலை முழுக்க அதிர்ந்தது. சசிரேகாவுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அது ஓயாமல் இருந்தால் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மேளம் நின்றது. உடனே தங்கராஜுவின் குரல் கேட்டது. கொழுந்து லோரி ஓட்டுகிற தங்கராஜுதான் ரூபனை உயிரோடு கடைசியாகப் பார்த்த மனிதர். துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா நவமணி அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பாவம், சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கொழுந்து ஏத்திக்கிட்டு எறங்குறேன், மணி மூன்றர இருக்கும். தம்பி அந்தப் பழைய நிறுவக் கொட்டகையில நிக்கிது. முதுகுல கிட்டாரு, கையில போனு. தூத்தல் போட்ருச்சி தம்பி, பெரிய மழ வருது, என் பின்னாலயே வந்துருன்னேன். நீங்க போங்க மாமா, ஒரு மெசேஜ் வரணும், வந்தோன்ன எறங்கிர்றேன்னிச்சி. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னிச்சி."

"யாரு மெசேஜு தங்கராஜு?" என்றாள் நவமணி. அதையும் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"அதான் தெரியலியேக்கா. போனுதான் தூள் தூளாப் போச்சே."

நவமணி பக்கத்தில் உட்கார்ந்த மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள். காலையிலிருந்து அந்தப் பிடியை அவள் விடவேயில்லை. மகள் தண்ணீருக்குப் போன நேரம் மட்டும்தான் கை காலியாக இருந்தது.

அந்த எஸ்டேட் பள்ளத்தில் கிடந்தது. லயத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. வேண்டுமென்றால் பிரிஞ்சாங் டவுனுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பதினாலாம் நம்பர் உச்சியில், முன்பு கொழுந்து எடை போட்ட தகரக் கொட்டகைக்கு ஏற வேண்டும். அங்கே நிற்கிற வரைக்கும்தான் மெசேஜ் வரும். இரண்டு வளைவு இறங்கிவிட்டால் போன் வெறும் கடிகாரம்தான். அதனால் யாருடைய பதிலுக்கோ ஒருவன் காத்திருக்கிறான் என்றால், அங்கேயே நின்றுதான் ஆக வேண்டும். இது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சசிரேகாவுக்கு அதற்கு மேலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அண்ணனிடமிருந்து அவளுக்கு ஒரு பாட்டு வந்தது. கீழே 'இப்ப கேளு' என்று இரண்டே வார்த்தை. அப்போது அவள், தான் வேலை செய்கிற ஷா ஆலாம் நகரத்தில் ஒரு பேரங்காடியில் தோழிகளோடு செருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள், அப்புறம் என்று தள்ளிவிட்டாள். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிவிட்டு வந்து, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தாள். பாட்டைக் கேட்கவில்லை.

ஐம்பத்து மூன்று நிமிடம். அவன் அங்கே நின்றது அவ்வளவு நேரம்.

இப்படிப் பாட்டு மாற்றிக்கொள்வது அவர்களுக்குள் பதினாறு வருடப் பழக்கம். ரூபன் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு பழைய கிட்டார் வாங்கி வந்தபோது அவனுக்குப் பதினெட்டு, அவளுக்குப் பன்னிரண்டு. வானொலியில் வருகிற பாட்டெல்லாம் அவனுக்குச் சப்பென்று இருந்தது. யாருக்கும் தெரியாத பசங்கள், பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே பாடித் தாங்களே வெளியிடுகிற பாட்டுகளைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பான். பண்டுங் என்கிற ஊரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள். ஸ்பெயினில் ஏதோ ஒரு ஊரில் பஸ் ஓட்டுகிற அண்ணன் தம்பி. ஜப்பானில் பள்ளிக்கூட வாத்தியார் மூன்று பேர். இந்த வகைக்குப் பவர் பாப் என்று பெயர் என்பதையே ரொம்ப நாள் கழித்துத்தான் இருவரும் தெரிந்துகொண்டார்கள்.

"கிட்டாரு காத கிழிக்கணும், ஆனா பாட்டு வாயில ஒட்டிக்கணும். மூன்றர நிமிசத்துக்கு மேல போனா அவனுக்குச் சொல்ல ஒன்னுமில்லன்னு அர்த்தம்" என்பான்.

விளையாட்டுக்கு விதியும் உண்டு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு புதுப் பாட்டு. ஆயிரம் பேருக்கு மேல் கேட்டிருந்தால் செல்லாது. கேட்டுவிட்டு என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஆட்டம் முடிந்தது. பன்னிரண்டு வயதில் அவள், "பேஸ் கிட்டாரு தூங்குது ண்ணே" என்று சொன்னபோது அவன் அசந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னான். "காதும்மா இது. இந்த எஸ்டேட்லயே இப்பிடி ஒரு காது கிடையாது."

ஷா ஆலாமில் காப்புறுதிக் கம்பெனி வேலைக்குப் போன புதிதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு வேலை, டிராஃபிக், ஆட்கள். ஒரு வெள்ளிக்கிழமை கேட்காமல் 'சூப்பர் ண்ணே' என்று அனுப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் 'கிட்டார் செம'. அதற்கு அடுத்த வாரம் 'கோரஸ் ஒட்டிக்கிச்சு'. இரண்டு வருடம் இப்படி ஓட்டிவிட்டாள். எதையாவது குறையும் சொன்னால்தான் நம்புவான் என்று இடையிடையே ஒரு குறையும் சேர்த்துக்கொள்வாள். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

வாசலில் சலசலப்பு. துளசி வந்திருந்தாள். பேக்கிங் பகுதியில் வேலை செய்கிற மெலிந்த பெண். கையில் ஒரு சின்ன மாலை. பெட்டியின் அருகே வந்து மாலையை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கூடம் முழுக்க அவள் முதுகையே பார்த்தது.

வசுமதி பெரியம்மா தொண்டையைச் செருமினாள். "என்னம்மா, வேல விட்டு நேரா வர்றியா? ஞாயித்துக்கெழம எங்க இருந்த?"

"வீட்லதாங்க இருந்தேன்."

"அவனுக்கு மெசேஜ் போட்டியா?"

"இல்லங்க. நான் எதுக்கு? அண்ணன் கேன்டீன்ல பாட்டு போட்டுக் காட்டும், அவ்ளோதாங்க. எங்க எல்லாத்துக்கும்தான் காட்டும்."

"எல்லாத்துக்கும் காட்டுவான். எல்லாத்துக்குமா மழையில நிப்பான்?"

நவமணி தலை நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "நீயா இருந்தா சொல்லிடும்மா. நான் கோவிக்க மாட்டேன். என்ன சொல்றதுக்கு அவன் நின்னான், என்ன கேக்குறதுக்கு நின்னான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

துளசி அழுதாள். அழுதது வேறு அவளுக்கே எதிராகப் போயிற்று. சசிரேகா அம்மாவின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு, தேத்தண்ணி பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள். ஆனாலும் போய்விட்டாள்.

அடுப்படியில் கைருல் பெரிய தெர்மாஸிலிருந்து கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். பிரிஞ்சாங்கில் அவன் வாப்பாவின் சாப்பாட்டுக் கடை. ரூபனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து புதுப் பாட்டுகளைக் கேட்டு அடித்துக்கொள்வார்கள்.

"நானும் வர்றேன்னுதான் சொல்லியிருந்தேன் சசி" என்றான், முகத்தைக் காட்டாமல். "ஞாயித்துக்கெழம கடையில கூட்டம். வாப்பா விடல. நான் கூட இருந்திருந்தா இழுத்துக்கிட்டு எறங்கியிருப்பேன் லா."

"எதுக்கு ண்ணே போச்சி அண்ணன் அங்க? லைனுக்கா?"

"லைனுக்கு மட்டுமா? பாட்ட மறுபடி ரெக்கார்ட் பண்ணத்தான். நீதானே சொன்ன."

"நானா?"

"டிரம்ஸ் அதிகம்னு." கைருல் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அழுது சிவந்த கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "மூனு வாரத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு அனுப்புனானே, பேரு போடாம. அது அவன் பாட்டு சசி. அவனே எழுதி, குரல மாத்தி அவனே பாடுனது. எத்தன வருசமா அடுத்தவன் பாட்டுக்கு வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தான். மொத மொதல்ல சொந்தமா ஒன்னு போட்டான். யாருன்னு தெரியாம நீ கேக்கணும், அப்பதான் தங்கச்சின்னு பாக்காம நெசத்தச் சொல்லுவேன்னான்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

"நீ எழுதுன, நல்லா இருக்கு, டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் அதிகம்னு. கடைக்குக் கொண்டாந்து காட்டுனான். நான் சொன்னேன், டேய், இதுல டிரம்ஸே இல்லியேடா, ஒரு கிட்டாரு, ஒன் தொண்ட, அவ்ளோதானேன்னு. ரெண்டு நாளு மண்டைய ஒடச்சிக்கிட்டான். மூனாம் நாளு வெள்ளனே ஓடியாறான். கண்டுபுடிச்சிட்டேன் லா, மெஷினுன்னு."

கைருல் அடுப்படிச் சுவரைக் காட்டினான். அந்தச் சுவருக்கு அப்பால் பத்தடியில் தொழிற்சாலை. கொழுந்து நிறைய வருகிற மாதம். ஞாயிறு, திங்கள் பார்க்காமல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்று சாவு என்று கூட நிறுத்தவில்லை. கொழுந்து காத்திருக்காது.

"அவன் ரூம்ல ஒக்காந்து ரெக்கார்ட் பண்ணானா, அதுல உருட்டு மெஷின் சத்தம் ஏறிப்போயிருக்கு. ரெண்டு தட்டு, ஒரு இழுப்பு. ஹெட்ஃபோன்ல சத்தமா வச்சாத்தான் தெரியும். பன்னெண்டு வருசமா அதுகூட நிக்கிறேன், எனக்குக் கேக்கல, எங்கம்மாவுக்குக் கேக்கல, ஒனக்குக் கேக்கல, ஷா ஆலாம்ல இருந்துக்கிட்டு எந் தங்கச்சிக்குக் கேட்ருக்கு பாத்தியான்னு கடைக்கு வர்றவன் போறவன்ட்டயெல்லாம் சொன்னான். அதான் மெஷின் சத்தம் எட்டாத எடமா மேல போயி மறுபடி பாடுறேன்னு போனான்."

சசிரேகா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மெதுவாக அதிர்ந்தது. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதைக் கேட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாட்ட சொல்லட்டுமா?" என்றான் கைருல். "பாட்டுக்குத்தான் போனான்னு தெரிஞ்சா மனசு ஆறும்ல?"

"நீங்க சொல்லாதீங்க ண்ணே."

கூடத்தில் வாய்க்கரிசி தொடங்கிவிட்டது. பெட்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வருவதற்குள் கிளம்ப வேண்டுமாம். சொந்தக்காரர்கள் முடிந்து, தொழிற்சாலை ஆட்கள் ஒவ்வொருவராக அரிசி அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். துளசி வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்து தட்டுப் பக்கம் கையை நீட்டியபோது, வசுமதி பெரியம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ போட வேணாம்."

துளசியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சசிரேகா பின்கட்டு நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

"அவளப் போடச் சொல்லுங்க பெரியம்மா" என்றாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "அண்ணன் அவ மெசேஜுக்கு நிக்கல. என் மெசேஜுக்குத்தான் நின்னிச்சி."

நவமணி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்கா?"

"பாட்டு அனுப்பிச்சி மா. எப்பிடி இருக்குன்னு நான் சொல்றதுக்காக நின்னிச்சி."

"சொன்னியா?"

"ம்."

"என்ன சொன்ன?"

சசிரேகாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுதியிருந்தால்தானே சொல்வதற்கு. வலது கையை மார்புக்கு நேராக உயர்த்தி, மற்ற விரல்களை மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். அண்ணன் பெட்டிக்குள் கிடக்க, அத்தனை பேர் நடுவில் அப்படியே நின்றாள்.

நவமணி அந்த விரலையே பார்த்தாள். "அப்ப பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியல மா."

"தெரியலன்னா?"

"நான் கேக்கல. கேக்காமலே அனுப்பிட்டேன். அது ஒன்னு இல்ல மா, ரெண்டு வருசமா அனுப்புன எதையுமே கேக்கல. கேட்ட மாதிரி எழுதிக்கிட்டே இருந்தேன். அண்ணன் நம்பிருச்சி."

தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டார். கைருல் அடுப்படி வாசலில் கையில் கோப்பைத் தட்டோடு நின்றான். அம்மா அடிப்பாள் என்று சசிரேகா நினைத்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. நவமணி எழுந்து அரிசித் தட்டைப் பெரியம்மாவிடமிருந்து வாங்கி, துளசியிடம் நீட்டினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே ஒரு பிடி எடுத்துப் போட்டாள்.

"நேரமாச்சி" என்றார் பெட்டிக்காரர். வாசலில் உறுமிக்காரர்கள் புறப்பாட்டு அடியைத் தொடங்கிவிட்டார்கள்.

"போடு" என்றாள் நவமணி.

"என்னம்மா?"

"அவன் அனுப்புன பாட்டப் போடு."

சசிரேகா போனை எடுத்தாள். ஷா ஆலாமிலேயே பாட்டு தானாகப் போனில் இறங்கி உட்கார்ந்திருந்தது. அவள் தொடாததுதான் பாக்கி. தொட்டாள். சத்தத்தை முழுக்க வைத்தாள். உறுமிக்கு முன்னால் அது எடுபடவில்லை. நவமணி போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மோளந்தான் கேக்குது" என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில், "மோளத்த நிறுத்துங்க" என்றாள்.

சாவு வீட்டில் புறப்படும்போது மேளத்தை நிறுத்தி அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. மேளம் நின்றது.

சசிரேகா அம்மாவின் கையிலேயே பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தாள். கிட்டார் வந்தது, ஒரே கிட்டார், ஆனால் பத்துப் பேர் வாசிப்பது போல் அடித்திருந்தான். பிறகு ரூபனின் குரல். வளைவு வந்தா ஹாரன் அடி, வர்றது நான்தான் தெரிஞ்சுக்கோ என்று பாடினான். இரண்டாவது தடவை அதே அடி வந்தபோது துளசியின் உதடு அவளை அறியாமல் கூடவே அசைந்தது. கேட்ட உடனே வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டு. மூன்றாவது தடவைக்கு முன்னால் கிட்டார் தாழ்ந்து வருகிற இடம் சசிரேகாவுக்குப் பிடித்தது. அங்கே ஒரு தந்தி கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய பிறகுதான் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

பாட்டு முடிகிற இடத்தில் கொட்டகைத் தகரத்தின் மேல் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தது. பிறகு நான்கைந்து. ரூபன் கிட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"இந்தா, வந்துருச்சி. சசி, இது டிரம்ஸ் இல்ல, மழ. பொறுமையாக் கேட்டுட்டுச் சொல்லு, ஒன்னும் அவசரமில்ல. இங்கயேதான் இருக்கேன்."

அவ்வளவுதான். திரையில் பாட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போய் நின்றது. நவமணி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகள் பக்கம் பார்க்கவும் இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தாள். வாசலில் உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, யாராவது சொல்வார்கள் என்று உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.